பஸ் ஆயாவின் குரல்

‘ஆயா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அணைந்து கிடந்த பஸ்ஸின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமே எரிய ஆரம்பித்தன. மந்திரக்காரிகளுக்கெல்லாம் மூத்தவள், இத்தனை காலமும் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தவள், தன்னைத் தினமும் கைபிடித்து ஏற்றி இறக்கியவள்தான் என்பது சிட்டுவுக்கு’ என்பது வரை அருமையாகப் படித்துக்கொண்டு வந்த குரல்காரி, அடுத்த சொல்லுக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் எழுத்து இருந்தது. வாயில்தான் ஒன்றும் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்திப் பேசினார்.

“தண்ணி வேணுமாக்கா?”

“வேணாம்.”

“வயிறு சத்தம் போட்டுச்சா? எனக்குக் கேக்கலையே.”

“ஆயாதான் மூத்தவளாம்.”

“எந்த ஆயா?”

“நம்ம ஆயா.”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சாப்பிடும்போதுகூட அதைக் கழுத்தை விட்டு இறக்காத மனிதர் அவர். விஷயம் எவ்வளவு மோசம் என்று குரல்காரிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மோசம்தான். அவள் வேலை, கதைகளைக் குரலில் படித்துக் கொடுப்பது. பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி அறைக்குள் உட்கார்ந்து, மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய அரண்மனைத் தோட்டத்துத் தென்றலைப் பற்றிப் படிக்க வேண்டும். சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது. வெறும் வயிற்றோடு வந்தால் அது காதல் காட்சியின் நடுவே உறுமும். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தால் மூச்சு வாங்கும். நாக்கு ஒட்டாமல் இருக்கப் பச்சை ஆப்பிள் துண்டு ஒன்றை அவ்வப்போது கடித்துக்கொள்வாள். அக்கம்பக்கத்தார் அவளைக் குரல்காரி என்றே கூப்பிட்டார்கள். கூட்டத்தில் நின்றால் யாரும் இரண்டாவது முறை பார்க்காத முகம். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணாகவும் அறுபது வயது ராஜகுருவாகவும் நினைத்த நொடியில் மாறிவிடுகிற தொண்டை. முன்கூட்டிப் படிக்காமல் நேராக மைக்கின் முன்னால் உட்காருவதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. ஆச்சரியம் என்பது முதல் தடவைதான் குரலில் வரும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு ஆச்சரியம் வந்தது. குரலைத்தான் காணோம்.

கதை, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலியில் வெளியாகிற தொடர். பள்ளிக்கூடத்துக்கே செல்லப்பிள்ளையாக இருக்கிற சிட்டு என்ற பெண், தான் ஒரு மந்திரக்காரி என்று கண்டுபிடிக்கிறாள். அவள் சீட்டி அடித்தால் தொலைந்துபோனவை திரும்பி வரும். முதலில் பேனா, அழிப்பான். அப்புறம் யார் வீட்டு நாயோ. அதற்கப்புறம், திரும்பி வரவே வேண்டாம் என்று நினைத்து ஆட்கள் தொலைத்துவிட்ட சமாசாரங்கள். எழுதுகிறவர் ஒரு பல் டாக்டர். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் எழுதி, வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்த வாரத்து அத்தியாயத்தை அனுப்பிவைப்பார். தொடரின் முதல் அத்தியாயத்தில், பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிடும் ஆயா ஒருத்தி ஒரே ஒரு வரி பேசுகிறாள்: ‘சீக்கிரம் ஏறுங்க, பஸ்ஸு உங்க வீட்டு வேலைக்காரன் இல்ல.’ அந்த ஒரு வரியில்தான் வந்தது வினை.

அந்த வரியைப் படிப்பதற்கு முந்தைய நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரோ கேட்க, குரல்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். கணவரின் அக்கா, தன் கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள், தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. மூக்கால் பேசுவாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு உறிஞ்சல், கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு, முடிவில் ஒரு முத்திரை. “கதை படிக்கிறா. உக்காந்த எடத்துல வாயாலயே பொழப்பு, ன்னு வச்சுக்கோயேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குரல்காரியும் அசடு வழியச் சிரித்து வைத்தாள். மறுநாள் மைக்கின் முன்னால் அந்த ஆயாவின் வரி வந்தபோது, யோசிக்கவே இல்லை. உறிஞ்சல், இழுப்பு, முத்திரை எல்லாவற்றையும் அள்ளி ஆயாவின் மூக்கில் வைத்துவிட்டாள். வைத்ததும் உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவியதே, அதை அவள் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

கேட்டவர்களுக்குச் சிரித்து மாளவில்லை. ஆயா மறுபடி எப்போது வருவாள் என்று ஆயிரம் பேர் எழுதிக் கேட்டார்கள். டாக்டரும் வாரத்துக்கு வாரம் ஆயாவுக்கு வரியைக் கூட்டிக்கொண்டே போனார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு வெறும் பாத்திரத்துக்குள் போனை நிறுத்திவைத்து, சத்தம் கணீரென்று எழும்ப, எல்லோரும் கேட்பார்கள். ஆயா வாயைத் திறந்த முதல் வாரமே மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. அச்சு அசலா அவளேதான், ன்னு வச்சுக்கோயேன்.” தன் குரலை வெளியே இருந்து கேட்டால் தனக்கே தெரியாது. அது குரல் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தச் சங்கதியை நம்பித்தான் குரல்காரி இத்தனை மாதம் காலத்தை ஓட்டியிருந்தாள்.

இப்போது அந்த ஆயா மூன்று பக்கத்துக்குப் பேசப்போகிறாள். அதுவும் எப்படி? ‘உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். அது உனக்குக் கிடைச்ச வரம்னு நெனச்சே. இல்ல. அது நான் போட்டு வச்ச மூடி. மந்திரக்காரின்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு, எல்லாருக்கும் பிடிச்ச பொண்ணா உன்னை ஒளிச்சு வச்சேன். இப்ப மூடியைத் திறக்கப் போறேன். நாளைக்கு உன் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேரு உன்கிட்ட பேச மாட்டாங்க. ஆனா இந்த பஸ்ல உன் சீட்டு உன் சீட்டுதான்.’ கதையிலேயே உயரமான இடம். அந்த உயரத்தில் போய் மூக்கை உறிஞ்ச வேண்டும்.

முதலில் மூக்கை எடுத்துவிட்டு, ஆழமான, பொறுமையான, மூத்தவளுக்கு உரிய குரலில் பேசிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒலிப்பதிவாளர் தலையை ஆட்டினார். “நல்லா இருக்குக்கா. ஆனா இது வேற யாரோ. ஆயா எங்க போனாங்கன்னு கேப்பாங்க.” சரி என்று மூக்கோடு பேசினாள். ‘நாளைக்கு உன் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேரு’ வரைகூடப் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவளும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். மறுபடி, மறுபடி. சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது இருவருக்கும் அழுகை வராத குறை.

டாக்டருக்குப் போன் போட்டாள். பின்னணியில் பல் ராவும் சத்தம் கேட்டது.

“ஏன் டாக்டர் இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

“நான் எங்கே பண்ணேன்? நீங்க பண்ணது. நீங்க மட்டும் அந்த மூக்கை வைக்காம இருந்திருந்தா அவ மொதல் அத்தியாயத்தோட எறங்கிப் போயிருப்பா. வாயை இன்னும் கொஞ்சம் தெறங்க... உங்களைச் சொல்லலை. அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். இவ்வளவு தொணதொணன்னு ஒருத்தி பேசறான்னா, எதையோ மறைக்கத்தான் பேசறான்னு தோணிச்சு. அதை எழுதிட்டேன். நீங்க பாத்துக்குங்க.”

நாளைக்குள் முடித்தாக வேண்டும். ஞாயிறு காலையில் ஊரே கேட்கும். வீட்டு மேஜையில் பாத்திரத்துக்குள் இருந்து, மூன்று பக்கம், நாத்தனாரின் மூக்கு. ஆபீஸில் இருக்கிற ஒருத்தியாக அது எத்தனை நேரம்தான் தாக்குப்பிடிக்கும்?

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், நாத்தனார் உருக்கமாகப் பேசி எப்போதாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்தாள். ஒரு தடவை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். நினைவில் துழாவித் துழாவிப் பார்த்தும் கிடைத்தது எல்லாம் குறை சொல்வது, விலை சொல்வது, ஆபீஸ் கதை. தன் கணவர் செத்த அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி பத்தவில்லை என்று நாற்காலிக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனுஷி. கல்நெஞ்சு என்று அன்றைக்கு நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருந்தது. அவள் வேறு எப்படியாவது பேசும்படி தான் எதையாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்தபோது, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் பழக்கமில்லாத பள்ளிக்கூட ஷூக்கள் கிடந்தன. உள்ளே கூடத்தில் மகளோடு படிக்கும் நான்கு பெண்கள். நடுவில் நாத்தனார், ஆபீஸ் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பார்சலில் பெறுபவர் இடத்தில் தன் விலாசத்தையே எழுதிவிட்டு, அது தன் வீட்டுக்கே வந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவனின் கதை. வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை.

“...நான் சொன்னேன், ஐயா, தபால்காரர் பத்திரமா கொண்டாந்து குடுத்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்லன்னு. மொறைக்கிறான், ன்னு வச்சுக்கோயேன்.”

முத்திரை விழுந்ததும் நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தலையணையில் முகத்தைப் புதைத்தாள். கூந்தலை உயரத் தூக்கிக் கட்டியிருந்த பெண், வகுப்புக்கே ராணி போலிருந்தவள், “ஆன்ட்டி, இன்னொண்ணு சொல்லுங்க ஆன்ட்டி” என்றாள். அவள் மடியில் போன் குப்புறக் கிடந்தது. அதன் ஓரத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும் சிவப்புப் புள்ளி குரல்காரியின் கண்ணுக்குத் தப்பவில்லை. தொழில் அப்படி. மகள் அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

நேரமாகிவிட்டது, வீட்டில் தேடுவார்கள் என்று சொல்லி அந்தப் பெண்களைப் பக்குவமாக அனுப்பிவைத்தாள் குரல்காரி. போகுமுன் போனில் இருந்ததை அந்த ராணி கையாலேயே அழிக்க வைத்தாள். அதற்கு ராஜகுருவின் குரல் உதவியது. பிறகு மகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“அத்தையைக் காட்சிப் பொருள் ஆக்கிட்டியேடி.”

“நானாம்மா?” மகள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். “ஸ்கூல்ல என்னை யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நீதான் சிட்டுன்னு தெரிஞ்சதும் பேச ஆரம்பிச்சாங்க. ஆயா யாருன்னு சொன்னதும் வீட்டுக்கே வந்துட்டாங்க. நீ பண்ணா அது வேலை, நான் பண்ணா தப்பா?”

குரல்காரி மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு வெளியே வந்தாள். தடவியது ஆறுதலுக்கா, தப்பித்துக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியாது.

சமையலறையில் நாத்தனார் டீ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் பாடி குரல்காரி கேட்டதே இல்லை.

“நல்ல பிள்ளைங்க. அடுத்த வெள்ளிக்கிழமையும் வர்றாங்களாம். நல்ல பிஸ்கட்டா வாங்கி வைக்கணும், இது நமுத்துப் போச்சு, ன்னு வச்சுக்கோயேன்.” ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “கவுண்டர்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து நாள் பூரா கத்தறேன். ஒருத்தன் காதுல விழறதில்ல. இந்த வயசுல, நான் பேசறதை ஆசையா உக்காந்து கேக்க நாலு பேரு.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நல்ல பிஸ்கட் வாங்கிவைத்தால் எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். அந்த நினைப்புத்தான் குரல்காரியால் தாங்க முடியாததாக இருந்தது.

“அண்ணி. அந்த பஸ் ஆயா உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க இல்ல.”

“பின்ன?”

“நீங்க. உங்களை மாதிரிதான் பேசினேன். அன்னைக்கு விருந்தாளிங்க முன்னாடி நீங்க சொன்னது கோவமா இருந்துச்சு. அதுல ஆரம்பிச்சது.”

நாத்தனார் கையிலிருந்த கோப்பையைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

“தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பிள்ளைக்கு?”

“அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா.”

“இப்ப வந்துட்டுப் போச்சுங்களே, அதுங்களுக்கு?”

குரல்காரி தரையைப் பார்த்தாள். குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“அதுக்குத்தான் சிரிச்சாங்களா. நான் கதைக்குன்னு நெனச்சேன்.” அவள் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள். “பேசிக்கிட்டே இருக்கான்னு நீங்க எல்லாரும் சலிச்சுக்கறது எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. அவர் போனப்புறம் இங்க வந்த புதுசுல ரெண்டு நாள் பேசாம இருந்து பாத்தேன். யாரும் என்னன்னு கேக்கலை. மூணாவது நாள், உப்பு தூக்கலா இருக்குன்னு சொன்னேன். உடனே எல்லாரும் திரும்பிப் பாத்தீங்க. சரி, பேசினா இருக்கேன்னு தெரியுது, பேசிக்கிட்டே இருப்போம்னு இருந்துட்டேன்.”

வெட்கம் கெட்ட காது குரல்காரியின் காது. மனசு கூனிக் குறுகி நின்ற அதே நேரத்தில் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. இழுப்பு இல்லை. முத்திரை இல்லை. குரல் தாழ்ந்து, வேகம் கூடி, கவுண்டரில் சில்லறை எண்ணுவது போலச் சொற்கள் ஒரே சீராக விழுந்தன. உறிஞ்சல் மட்டும் போகவில்லை. ஆனால் அது வாக்கியத்துக்கு முன்னால் வரவில்லை, நடுவில், வேறு யாராக இருந்தாலும் உடைந்துபோகிற சொல்லுக்கு முன்னால் வந்தது. இதுதான், இதுதான் என்று உள்ளே ஒன்று கும்மாளமிட்டது. அதை அறைய வேண்டும் போல இருந்தது குரல்காரிக்கு.

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள்.

“இப்பவும் கேட்டு வச்சுக்கறியா?”

மென்று விழுங்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். “ஆமா அண்ணி” என்று வந்துவிட்டது. வந்ததும் மிச்சமும் வந்தது: ஆயா மூத்தவள் ஆனது, மூன்று பக்கம், சிரித்துச் சிரித்துப் படிக்க முடியாமல் போனது, நாளைக்குள் முடிக்க வேண்டியது. “உங்களுக்கு வேணாம்னா வேற குரல்ல பேசிடறேன். ஆயாவுக்கு ஜலதோஷம் சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்.”

“எங்க, குடு.”

குரல்காரி பையிலிருந்து எடுத்த டேப்லெட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தாள். ஈர விரல் திரையில் வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துத் தள்ளினாள். மூன்று பக்கத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. முதலிலிருந்து மறுபடி படிக்கிறாள் என்று குரல்காரிக்குப் பிறகுதான் புரிந்தது.

“எவ எழுதினது?”

“ஒரு பல் டாக்டர்.”

“ம்.” டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “நாளைக்கு நானும் வர்றேன். பேசு, கேக்கறேன். எனக்குப் பிடிக்கலைன்னா அழிச்சிடணும். மறுபேச்சு கூடாது.”

“சரி அண்ணி.”

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக வாயே திறக்கவில்லை. கண்டக்டர் சில்லறை குறைத்துக் கொடுத்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. என்ன அண்ணி யோசிக்கிறீங்க என்று குரல்காரி கேட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்காததை இப்போது கேட்கிறோம் என்று கேட்கும்போதே தெரிந்தது. “ஒண்ணுமில்ல” என்றாள் நாத்தனார். கொஞ்சம் கழித்து, “சொல்றேன், இரு” என்றாள்.

கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கனமான கதவைத் தள்ளும்போதுதான் அவளுக்குப் பழைய வாய் திரும்பியது. “கதவா இது, ஆளை நசுக்கிடும், ன்னு வச்சுக்கோயேன்.” உள்ளே கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் அப்படியே நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். சிரிக்கப் போகிறார் என்று குரல்காரி பதறினாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, தன் நாற்காலியைத் துடைத்து, அவள் பக்கம் நகர்த்தினார். அந்த நாற்காலியில் அவர் வேறு யாரையும் உட்காரவிட்டு குரல்காரி பார்த்ததில்லை.

“உக்காருங்கம்மா. உங்க குரலை எனக்கு நல்லாத் தெரியும். மாசக்கணக்கா என் காதுக்குள்ளதான் இருக்கீங்க.”

“அது அவ குரலு தம்பி” என்றாள் நாத்தனார், விறைப்பாக. ஆனால் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் உட்காருகிற மாதிரியே நேராக.

குரல்காரி பெட்டிக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். ஆப்பிள் துண்டைக் கடித்தாள், ருசியே தெரியவில்லை. எத்தனையோ பேர் கேட்கப் படித்தவள். இப்போது ஒரே ஒருத்தி கேட்கப் படிக்க வேண்டும். தொடர் போனால் போகட்டும், டாக்டர் வேறு கதை எழுதிக்கொள்வார். இந்த மனுஷி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தக் குரலில் பேசுவது என்று நினைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

இழுக்கவில்லை. முத்திரை வைக்கவில்லை. தாழ்வாக, வேகமாக, ஒரே சீராகப் பேசினாள். ‘உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். அது உனக்குக் கிடைச்ச வரம்னு நெனச்சே.’ ஆயாதான், வேறு யாரும் இல்லை, ஆனால் ஆயா இதுவரை எதை மூடிவைத்துப் பேசினாளோ அதைத் திறந்துவைத்துப் பேசினாள். ‘நாளைக்கு உன் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேரு உன்கிட்ட பேச மாட்டாங்க.’ கண்ணாடிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து எழுத்தையே பார்த்தாள். ‘ஆனா இந்த பஸ்ல உன் சீட்டு’ என்று வந்து, அங்கே மூக்கை ஒருமுறை உறிஞ்சி, ‘உன் சீட்டுதான்’ என்று முடித்தாள். முடித்ததும் அறையின் மெத்தைச் சுவர்கள் அவள் மூச்சைக்கூட விழுங்கிவிட்டது போலிருந்தது. ஹெட்போனில் எதுவும் வரவில்லை.

நிமிர்ந்தாள். ஒலிப்பதிவாளர் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் முகம் தெரியவில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு, அதில் பச்சை நிறத்தில் மேலும் கீழுமாய் ஓடிக் கிடந்த கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும் பொத்தான் அழுந்தியே இருந்ததால் அவர்கள் பேசியது பெட்டிக்குள் கேட்டது.

“இது என்ன தம்பி, மலை மாதிரி?”

“அதான்மா குரல். இங்க சத்தம் ஏறுது, இங்க எறங்குது.”

“இந்த எடத்துல பள்ளமா இருக்கே?”

“அங்க அவங்க நிறுத்தறாங்க. சீட்டுன்னு சொல்லிட்டு. மூக்கை உறிஞ்சறாங்க இல்ல, அது இந்தச் சின்ன மேடு.”

நாத்தனார் அந்தச் சின்ன மேட்டின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. பெட்டிக்குள் குரல்காரி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அழிச்சிடு என்று வந்தால் சரி என்று சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்ல வேண்டும் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

“அதை இன்னொரு தடவை போடு, தம்பி.”

அவர் போட்டார். கோடு இடதுபக்கத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடியிலிருந்து பை நழுவுவதைக்கூடக் கவனிக்காமல், நாத்தனாரின் விரல் அதன்மேலேயே ஏறி இறங்கிக் கூடவே போய்க்கொண்டிருந்தது.